முதல் டிஎஸ்எல்ஆரும் வளவு வீட்டு வெளிச்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்களோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் செட்டிநாட்டின் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோட்டையூர் என்று ஊர் ஊராக நடப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள் வருவார்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும் தவறாமல் வருகிறார். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்கள் இவை. படம் பழக ஊட்டி, மூணாறு என்று போக வேண்டாம், நம் ஊர் வளவு வீடு (நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் தூண் வைத்த பத்தியும் உள்ள வீடு) ஒன்றே போதும் என்று உறுதியாக நம்புகிறவன் நான். அதனால் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் கடைசியில் முற்றத்துக்குத்தான் வந்து நிற்பேன்.

எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போகும்போது டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா?

கையில் காசு அளவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். டிஎஸ்எல்ஆருக்குள் வெளிச்சத்தை வியூஃபைண்டருக்கு (கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம்) அனுப்பும் கண்ணாடி உண்டு, மிரர்லெஸ்ஸில் அது இல்லை. புது டிஎஸ்எல்ஆர் மாடல்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது உண்மை. நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டுமே 2018-இல் வந்தவை. ஆனால் அதனாலேயே நல்ல பாடிகளும் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) லென்ஸ்களும் பழைய பொருள் விலையில் கிடைக்கின்றன. வியூஃபைண்டரில் கண்ணாடி வழியாக நிஜ வெளிச்சத்தையே பார்த்துப் பழகுவதில் ஒரு லாபம் உண்டு: படம் எப்படி வரும் என்று கேமரா முன்கூட்டிக் காட்டாது, நீங்கள்தான் கணிக்க வேண்டும். அந்தக் கணிப்புதான் நாம் கற்க வந்த வித்தை.

பழைய கேமராவில் எதையெல்லாம் சோதித்து வாங்குவது?

ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் திரை) எத்தனை முறை அடித்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். தொடக்கநிலை பாடிகள் பலவற்றை 1 லட்சம் முறை வரை தாங்கும்படி செய்கிறார்கள். 20,000, 30,000 என்றால் கவலையே வேண்டாம். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து, மறுபக்கம் கண்ணை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். பிறகு அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரம்) எஃப்/16 என்று சிறிதாக்கி வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் (படத்தைப் பதியும் பகுதி) தூசி. அது சுத்தம் செய்தால் போகும், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

நிக்கான் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'ஏஎஃப்-டி' 50 எம்எம் லென்ஸை மலிவாகத் தருகிறேன் என்பார்கள். அது மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை என்ன?

வியூஃபைண்டரை ஒட்டி ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகும் வரை அதைத் திருப்புங்கள். 'ஃபோகஸே ஆகவில்லை அண்ணே' என்று வந்தவர்களில் பலருக்கு இது ஒன்றுதான் பிரச்சினை. அப்புறம் தேதியைச் சரிசெய்யுங்கள், கார்டை கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், படத்தை ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக் (சாதாரணப் படக் கோப்பு) இரண்டிலும் சேமிக்கும்படி வையுங்கள். ரா கோப்பை இப்போது திறக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வருஷம் தெரியும்.

ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ என்று கேட்டாலே தலை சுற்றுகிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

ஷட்டர் என்பது எவ்வளவு நேரம் வெளிச்சத்தை விடுவது, அப்பர்ச்சர் எவ்வளவு பெரிய துவாரம் வழியாக விடுவது, ஐஎஸ்ஓ அந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுவது. இது போதும், புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வளவு வீட்டுக்குள் நடந்துபோங்கள். நான் எல்லாரையும் இப்படித்தான் அழைத்துப் போகிறேன்.

உச்சி வெயிலில் நடு முற்றத்தில் நில்லுங்கள். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/8 என்று வைத்தால் ஷட்டர் 1/400 நொடி அளவில் வரும். பளிச்சென்ற வெயிலுக்குப் பழைய பிலிம்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: எஃப்/16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓவின் தலைகீழ் எண், அதாவது ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டரே இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு ஏமாற்றாது.

இப்போது இரண்டு எட்டு வைத்து, தூண்களைத் தாண்டிப் பத்திக்குள் வாருங்கள். கண்ணுக்கு 'கொஞ்சம் நிழல்' என்றுதான் படும். ஆனால் அதே ஐஎஸ்ஓ, அதே எஃப்/8-க்கு ஷட்டர் 1/25-க்கு இறங்கியிருக்கும். முற்றத்து வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் இங்கே இருக்கிறது. 1/25-இல் கை ஆடும். எனவே எஃப்/4-க்குத் திறந்தால் 1/100 கிடைக்கும். அப்பர்ச்சரின் எண் குறையக் குறைய துவாரம் பெரிதாகும் என்பது இந்த இடத்தில் உங்கள் விரலுக்கே புரிந்துவிடும்.

இன்னும் உள்ளே, நிலையைத் தாண்டி அறைக்குள் போங்கள். கதவு மட்டும் திறந்திருக்கிறது. எஃப்/4, 1/30 நொடி வைத்தும் படம் கறுப்பாக வரும். ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினால்தான் பெட்டகமும் சாமி படமும் தெரியும். முற்றத்துக்கும் இந்த அறைக்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 1,000 மடங்கு வித்தியாசம். நம் கண் அதைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

இருபது அடிக்குள் இத்தனை படிநிலை வெளிச்சம் வேறெங்கே கிடைக்கும்? இந்த நடையை உள்ளேயிருந்து வெளியே, வெளியேயிருந்து உள்ளே என்று பத்து முறை நடந்தவர்கள் மறுபடி அந்த மூன்று சொற்களையும் கேட்டு மிரண்டு நான் பார்த்ததில்லை.

மேனுவல் மோடில் எடுத்தால்தான் நல்ல போட்டோகிராபரா?

கிடையாது. நான் எடுப்பதில் பெரும்பகுதி அப்பர்ச்சர் முன்னுரிமை மோடில்தான். அதில் அப்பர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டரைக் கேமராவே வைத்துக்கொள்ளும். நிக்கானில் 'ஏ', கேனானில் 'ஏவி'. வெளிச்சம் மாறாத இடத்தில் வரிசையாகப் பத்துப் படம் ஒரே மாதிரி வேண்டும் என்றால், எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல்.

சுண்ணாம்புச் சுவர் வெள்ளையாக இருக்கிறது, படத்தில் அழுக்குச் சாம்பலாக வருகிறதே?

கேமராவின் மீட்டருக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய நம் சுவர் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதைக் காட்டினால் 'அடேயப்பா, வெளிச்சம் அதிகம்' என்று கேமரா குறைத்துவிடும். ப்ளஸ்-மைனஸ் குறி போட்ட பொத்தானை அழுத்தி ப்ளஸ் 1 வையுங்கள், சுவர் வெள்ளையாகும். கறுத்த தேக்குத் தூண் சட்டகம் முழுக்க நிறைந்தால் நேர்மாறாக மைனஸ் 1.

முற்றமும் பத்தியும் ஒரே படத்தில் வந்தால் இரண்டையும் காப்பாற்றுவது சிரமம். நான் முற்றத்து வெயிலைக் காப்பாற்றி, நிழலை ரா கோப்பில் பிறகு தூக்கிக்கொள்வேன். வெளுத்துப்போன வெயிலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. படம் எடுத்ததும் ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே கோடு ஓரத்தில் முட்டி நின்றால் வெயில் வெந்துவிட்டது என்று பொருள்.

முன்னால் இருக்கும் தூண் தெளிவாக வருகிறது, உட்கார்ந்திருக்கும் ஆள் மங்கலாக வருகிறார். ஏன்?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு என் அப்பத்தா நினைவு வந்துவிடும். நான் முதல் கேமரா வாங்கிய வருஷம், ஒரு பங்குனி மாதம். அப்பத்தா பத்தியில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சாய்ந்த வெயில் ஒரு கீற்று அவர் கன்னத்தில். நான் இந்தப் பக்கத் தூண் மறைவிலிருந்து நாற்பது படம் எடுத்தேன். திரையில் சின்னதாகப் பார்த்தபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தன. கணினியில் போட்டால், நாற்பதிலும் தூணின் மர இழை ஊசி மாதிரித் தெளிவு, அப்பத்தா முகம் புகை. அடுத்த புளி சீசனுக்கு அவர் இல்லை.

நடந்தது இதுதான். ஃபோகஸ் புள்ளிகளை எல்லாம் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருந்தேன். அப்படி விட்டால் அது பெரும்பாலும் மிக அருகில் இருப்பதைப் பிடிக்கும். நம் வீடுகளில் அருகில் இருப்பது எப்போதும் ஒரு தூண். எனவே வாங்கிய அன்றே 'ஒற்றைப் புள்ளி' ஃபோகஸுக்கு மாற்றுங்கள். அந்தப் புள்ளியை ஆளின் கண்மேல் வையுங்கள். எடுத்தவுடன் திரையில் பெரிதாக்கிக் கண் இமை தெரிகிறதா என்று பாருங்கள். இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள். வெளிச்சம் நாளையும் வரும், ஆட்கள் அப்படியில்லை.

தூண்களும் சுவர்களும் மேலே போகப்போக உள்பக்கம் சாய்கின்றனவே?

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருவது. முகப்பின் உயரம் முழுவதும் வேண்டும் என்று தெருவில் நின்று தூக்கிப் பிடித்தால் வீடு பின்னால் விழுவது போலத்தான் வரும். கேமராவைத் தரைக்கு நேர்மட்டமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள், அல்லது எதிர் வீட்டுத் திண்ணையில் ஏறிக்கொள்ளுங்கள். கீழே தெரு அதிகமாக வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

உள்ளே இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. முகப்பு வாசலிலிருந்து பின்தெருக் கதவு வரை எல்லா நிலைகளையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கட்டியிருப்பார்கள். முதல் நிலையின் சரியான நடுவில், இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்து 18 எம்எம்மில் (லென்ஸின் மிக அகலமான பார்வை) எடுங்கள். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று வாசலுக்குள் வாசல் போய்க்கொண்டே இருக்கும். ஓரங்குலம் இடமோ வலமோ நகர்ந்தாலும் அந்த வரிசை கலைந்துவிடும். இதற்கு ட்ரைபாடும் பொறுமையும் வேண்டும். இரண்டு நொடி டைமரை வைத்து எடுங்கள், பொத்தானை அழுத்தும் அதிர்வுகூடப் படத்தில் தெரியாது.

கூடுதல் லென்ஸ் வாங்க வேண்டுமா?

முதல் ஆறு மாதம் வேண்டாம். கூடவே வரும் 18-55 எம்எம் லென்ஸ் போதும். அப்புறம் 50 எம்எம் எஃப்/1.8 ஒன்று, முகங்களுக்காக. வீட்டுக்குள் அது கொஞ்சம் நெருக்கும். சிறிய சென்சார் கேமராவில் 75, 80 எம்எம் போலத்தான் பார்க்கும்.

ஆத்தங்குடித் தரைக்கல்லின் நிறம் நேரில் பார்ப்பது போல வரவில்லையே?

இரண்டு காரணம் உண்டு. தரையில் வானம் பிரதிபலிப்பது ஒன்று. எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்துத் துடைத்து மெருகேறிய கல் அது. போலரைசர் ஃபில்டரை மாட்டித் திருப்பினால் பளபளப்பு இறங்கிச் சிவப்பும் பச்சையும் மேலே வரும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), பரவாயில்லை. ஆனால் எல்லாப் பளபளப்பையும் துடைத்து எடுத்துவிடாதீர்கள். தூணின் நிழலுரு தரையில் தெரிவதில்தான் அந்தக் கல்லின் உயிர் இருக்கிறது. பாதி திருப்பி நிறுத்துவது என் வழக்கம்.

மற்றது வொயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சரிசெய்தல். பத்திக்குள் வரும் வெளிச்சம் நீல வானத்திலிருந்தும் வருகிறது, சிவப்புத் தரையில் பட்டுத் தெறித்தும் வருகிறது. ஆட்டோ குழம்பிவிடும். ஒரு வெள்ளை வேட்டியை அதே இடத்தில் விரித்து ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு, ரா கோப்பில் அதைக் காட்டிச் சரிசெய்யுங்கள்.

கல் செய்கிற இடத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள், ஆத்தங்குடியில் பட்டறைகள் இருக்கின்றன. கண்ணாடித் தகட்டின்மேல் பூ அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறமாகச் சாயம் கலந்த சிமெண்ட்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். மேலே உலர் கலவை, அதற்கு மேல் ஈரக் கலவை. பிறகு நீரில் ஊறவைத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாக விட்டுவரும். நம் தரையின் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. அங்கே 1/60 நொடியில் ஒரு படம், 1/500-இல் ஒரு படம் எடுங்கள். முதலாவதில் கரண்டி பிடித்த கை லேசாக ஓடியிருக்கும், கல் அசையாமல் இருக்கும். இரண்டாவதில் ஊற்றும் தாரை அந்தரத்தில் நிற்கும். எது அந்த வேலையைச் சரியாகச் சொல்கிறது என்று நீங்களே பாருங்கள். எனக்கு முதலாவது.

எந்த நேரத்தில், எந்த மாதத்தில் எடுப்பது நல்லது?

தெருவுக்குக் காலை 7-க்குள், மாலை 5-க்கு மேல். நம் ஊர் வெயில் இடைப்பட்ட நேரத்தில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும்.

முற்றத்துக்கு மட்டும் அந்த விதி கிடையாது. சித்திரை பிறந்த சில நாட்களிலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் காரைக்குடிக்கு நேர் உச்சியில் வருகிறது. கடிகாரத்தில் சுமார் 12.15 மணி. அப்போது வெயில் முற்றத்துத் தரையில் சதுரமாக இறங்கும், சுவர்களில் ஏறாது. மேலே கம்பி வலை போட்ட வீடு என்றால் கட்டம் கட்டமாக நிழல் விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் அதே நண்பகல் வெயில் வடக்குப் பத்திக்குள் நுழைந்து தூண்களை ஒரு பக்கமாகத் தடவும். ஒரே இடத்தில் மாதம் ஒரு படம் என்று வருஷம் முழுக்க எடுத்துப் பாருங்கள். நான் கொடுக்கும் பயிற்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது இது.

இருட்டு அறையில் ஃபிளாஷ் போடலாமா?

கேமராமேல் எழும்பும் சின்ன ஃபிளாஷ் வேண்டாம். மெருகு போட்ட சுவரில் பட்டு வெள்ளைப் பொட்டு விழும். ஆள் என்றால் கதவோரம் உட்காரச் சொல்லுங்கள். பொருள் என்றால் ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, ஒரு நொடி, இரண்டு நொடி என்று நிதானமாகத் திறந்துவையுங்கள்.

மஞ்சுவிரட்டு, தேர் எல்லாம் எடுக்க ஆசை. எப்படி?

முதல் வருஷம் தேரை எடுங்கள், மஞ்சுவிரட்டைப் பாருங்கள். பிள்ளையார்பட்டி சதுர்த்தித் தேர் மெதுவாக வரும், வடம் பிடிக்கும் கைகளையும் முகங்களையும் எடுக்க நேரம் இருக்கும். சிராவயல் மாதிரித் திறந்த பொட்டலில் மாடு எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தவருக்குப் பக்கவாட்டில் வருவது தெரியாது. போனால் உயரமான மேடையிலிருந்து மட்டும், கூடவே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு எடுங்கள். 1/1000 நொடி, தொடர் ஃபோகஸ், ஐஎஸ்ஓ ஆட்டோ.

பூட்டிய வீடுகளுக்குள் போக அனுமதி கிடைக்குமா?

சில வீடுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகின்றன. மற்றவை தனியார் வீடுகள், பல பங்காளிகளுக்குச் சொந்தமானவை. ஒருவர் சரி என்றாலும் இன்னொருவருக்கு விருப்பம் இல்லாமல் இருக்கலாம். காவலுக்கு இருப்பவரிடம் முதலில் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேசுங்கள். 'அண்ணே, வளவை மட்டும் பார்த்துட்டுப் போறேன்' என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சாமி அறையையும் பெட்டகம் இருக்கும் அறையையும் கேட்காமல் எடுக்காதீர்கள். கோவில்களில் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

ஆட்களை எடுத்தால் அடுத்த முறை போகும்போது படத்தைக் கழுவி எடுத்துப்போய்க் கையில் கொடுங்கள். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி நான் கொடுத்த படத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, 'ஏப்பா, மேலறையை நீ பாக்கலையே' என்று சாவியை எடுத்துவந்தார்.

கேமராவை எப்படிப் பாதுகாப்பது?

செம்மண் புழுதியில் லென்ஸ் மாற்றாதீர்கள். மூடிய காரில் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் பையில் வைத்து அலமாரியில் பூட்டினால் பூஞ்சைக்கு விருந்துதான்.

எதை முதலில் எடுக்க வேண்டும்?

உங்கள் வீட்டை. சொந்த வீடு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் ஏறின. ஆனாலும் வீடுகள் பிரிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பாருங்கள். தூண், நிலை, ஊஞ்சல் பலகை, எனாமல் தட்டு என்று ஒவ்வொரு கடை வாசலிலும் யாரோ ஒருவருடைய வீடு சாய்ந்து நிற்கும்.

அழகான படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம், முதலில் கணக்கெடுப்பதுபோல எடுங்கள். தெருவிலிருந்து முகப்பு. பிறகு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாக ஒவ்வொன்றிலும் நான்கு மூலைகளிலிருந்து நான்கு படம். நிலையில் உள்ள கஜலட்சுமியை நேராக, எஃப்/8-இல். தரைக்கல் ஒவ்வொரு வகைக்கும் மேலிருந்து ஒன்று. கோப்புக்கு ஊர், வீட்டு விலாசம், கட்டு, தேதி என்று பெயரிடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தவரிடம். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து, எந்த ஐயா எந்த அறையில் படுப்பார், ஊறுகாய் ஜாடி எங்கே இருந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள்.

கடைசியாக, வீட்டின் அந்தக் கை நீளச் சாவி. அதை ஜன்னலோரம் தரைக்கல்லின் மேல் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலும் வைத்து எடுங்கள். பல்லின் தேய்மானம்வரை தெரிய வேண்டும்.